சலவைப் பட்டறை வரை போகாத ஆடிட்

ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் சுற்றும் பேண்டேஜ் துணி எந்த ஊர்த் தறியில் ஓடியது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் விருதுநகர் மாவட்டத்துச் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் என்ற பெயர்கள் சீக்கிரமே காதில் விழும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிற இந்த ஊர்களில் நாள் முழுக்க விசைத்தறிச் சத்தம்தான். பேண்டேஜ், காஸ், அறுவை சிகிச்சையில் வயிற்றுக்குள் வைக்கிற மாப் என்று உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் இங்கிருந்து சரக்கு போகிறது. ராஜபாளையத்துக்கு இது நேற்று வந்த தொழிலும் இல்லை. ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்ஸ் தொடங்கப்பட்டது 1939இல். ஆனால் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வந்த பேச்சில் கால்வாசிகூட இந்தத் துணிக்கு வந்ததில்லை. ஒரு விதத்தில் அது நியாயம்தான். பால்கோவாவை நாக்கில் வைத்தால் போதும்: பதம் சரியா, சர்க்கரை தூக்கலா என்று வாங்குகிறவரே சொல்லிவிடுவார். காஸ் துணியில் அது நடக்காது. சரியாகச் சலவை ஆனதும் ஆகாததும் ஒரே வெள்ளை. ஸ்டெரைல் ஆன பொட்டலமும் ஆகாத பொட்டலமும் கையில் ஒரே கனம். வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லாத இடத்தில், அவருக்காக வேறொருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர்தான் ஆடிட். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: பேண்டேஜ் தொழிலைப் பொறுத்தவரை, அப்படிப் போகிற மனிதர் வேறு கூரைக்குக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

அது எப்படி என்று சொல்ல, துணி நடக்கிற பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நூற்பாலையிலிருந்து நூல் வருகிறது. பாவு ஓட்டுகிறார்கள். தறியில் அறுந்துவிடாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி ஏறுகிறது. விசைத்தறியிலிருந்து இறங்குவது காடாத் துணி. பழுப்பாக இருக்கும், தண்ணீரை வாங்காது. பருத்தியின் இயல்பான மெழுகும் நெசவுக் கஞ்சியும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளும். அது சலவைப் பட்டறைக்குப் போய், காஸ்டிக் சோடாவில் வெந்து, பெராக்ஸைடு போன்ற வெளுப்பானில் வெளுத்து, அலசிக் காய்ந்து வரும்போதுதான் மருத்துவத் துணியாகிறது. அதன் பிறகு வெட்டல், மடித்தல், எண்ணிக் கட்டுதல், பொட்டலம். ஸ்டெரைல் சரக்கு என்றால் நீராவியிலோ எத்திலீன் ஆக்ஸைடு வாயுவிலோ ஒரு சுற்று. இதில் தறி ஒருவருடையது, சலவை இன்னொருவருடையது, மடிப்பு கூலிக்கு, ஸ்டெரிலைசேஷன் வேறெங்கோ என்று இருப்பது இந்த மாதிரித் தொழில் ஊர்களின் இயல்பு. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உரிமம் தரப்படுவது ஒரு முகவரிக்கு. ஆடிட்டர் வந்து இறங்குவதும் அந்த முகவரியில்தான். அது பெரும்பாலும் பொட்டலம் கட்டுகிற இடம்.

சட்டம் என்ன சொல்கிறது? காயத்துக்குக் கட்டுகிற துணிகள் நம் நாட்டில் வெகுகாலமாக மருந்துச் சட்டத்தின் கீழேதான் இருந்தன; 1945ஆம் ஆண்டு விதிகளின் ‘எஃப்-2’ அட்டவணை பேண்டேஜ் துணிக்கும் காஸுக்கும் தரம் வகுத்திருந்தது. 2017இல் மருத்துவச் சாதன விதிகள் வந்தன. 2018 ஜனவரி 1 முதல் அமல். சாதனங்களை ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தார்கள். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13485ஐ ஒட்டி ஐந்தாம் அட்டவணையில் தர மேலாண்மை முறையை எழுதி வைத்தார்கள். ஏ, பி வகுப்புக்கு ஆடிட் செய்வது நோட்டிஃபைடு பாடி எனப்படும் அங்கீகாரம் பெற்ற தனி அமைப்புகள். பி வகுப்பில் உரிமத்துக்கு முன்பே ஆடிட். ஏ வகுப்பில் உரிமம் கொடுத்த 120 நாளுக்குள் ஆடிட். பிறகு 2022 அக்டோபரில் ஒரு திருத்தம். ஏ வகுப்பில் ஸ்டெரைல் செய்யாத, அளவிடும் வேலையில்லாத சாதனங்களுக்கு உரிமமே வேண்டாம். விதிகளின்படிதான் செய்கிறோம் என்று தயாரிப்பாளரே உறுதி கூறி இணையத்தில் பதிந்துகொண்டால் போதும் என்றார்கள். காயத்தின் மேல் உறிஞ்சுவதற்கோ இறுக்கிக் கட்டுவதற்கோ பயன்படும் சாதாரணக் கட்டுத் துணி ஏ வகுப்பு. அதாவது ஸ்டெரைல் செய்யாத பேண்டேஜ் ரோலுக்கு வெளி ஆடிட்டர் என்று ஒருவர் வந்தாக வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. வயிற்றுக்குள் வைக்கிற மாப் மாதிரியானவை மேல் வகுப்பில் இருப்பதால் அவற்றுக்கு ஆடிட் தொடர்கிறது.

நியாயமான தளர்வு என்று வாதாடலாம். ஐரோப்பாவிலும் முதல் வகுப்பில் ஸ்டெரைல் இல்லாத சரக்குக்கு நோட்டிஃபைடு பாடி தேவையில்லை. ஸ்டெரைல் சரக்கிலும் அந்த வகுப்பில் அவர்கள் பார்ப்பது கிருமி நீக்கம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும்தான். எனக்கு அந்தத் தளர்வோடு பெரிய சண்டை இல்லை. ஆடிட் நடக்கும் இடத்திலும் அது துணியின் பின்னால் போகாமல் கோப்பின் பின்னால் போகிறது என்பதுதான் என் குறை. ஐ.எஸ்.ஓ. 13485இன் வாசகமே இதற்கு எதிரானது. வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையதே என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபத்துக்கு ஏற்றபடி கட்டுப்பாடு, எழுத்தில் தர ஒப்பந்தம், எல்லாம் கேட்கிறது. நடைமுறையில் இது எதுவாகச் சுருங்கிவிடும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்: ‘அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியல்’ என்று ஒரு தாள், சலவைப் பட்டறையின் ஜி.எஸ்.டி. எண், அதன் முதலாளி கையெழுத்திட்ட ஒரு கேள்விப் படிவம். எல்லாக் கட்டத்திலும் டிக். என்.சி., அதாவது இணக்கமின்மை, என்று எழுத ஒன்றும் இருக்காது.

கோப்பை நம்பி ஏமாந்த கதைக்கு உலகறிந்த உதாரணம் பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம். மார்பக உள்பொருத்திகள் செய்தவர்கள். 1997 முதல் அதன் தர முறையைச் சான்றளித்தது ஜெர்மனியின் டியூவ் ரைன்லாண்ட், சாதாரண அமைப்பு இல்லை. ஆடிட் தேதி முன்கூட்டியே தெரியும். தெரிந்த தேதிக்கு முன் தொழிற்சாலைத் தர சிலிக்கோனை ஒளித்துவிட்டு, அனுமதி பெற்ற சிலிக்கோனின் கணக்கைக் காட்டினார்கள். 2010இல் பிரான்ஸ் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அந்தப் பொருத்திகள் பல நாட்டுப் பெண்களின் உடலுக்குள் போயிருந்தன. நிறுவனர் ழான்-க்ளோட் மாஸுக்கு 2013 டிசம்பரில் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை. வழக்கு சான்றளித்தவர்கள் மீதும் திரும்பியது. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது யோசிக்க வைப்பது: முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கவோ, பொருளை எடுத்துச் சோதிக்கவோ, வணிகக் கணக்கைப் புரட்டவோ சான்றளிப்பவருக்குப் பொதுவான கடமை கிடையாது, ஆனால் சந்தேகத்துக்கு இடம் தரும் ஆதாரம் கண்ணில் பட்டால் சும்மா இருக்கக் கூடாது. இந்த ஊழலுக்குப் பிறகு எழுதிய புதிய ஐரோப்பிய விதி, ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் போயே ஆக வேண்டும் என்றது; தேவைப்பட்டால் சப்ளையர், துணை ஒப்பந்ததாரர் இடத்துக்கும் போகச் சொன்னது. சத்திரப்பட்டியில் யாரும் எதையும் ஒளிக்கிறார்கள் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அங்கே ஒளிக்க வேண்டிய தேவையே இல்லாமல், பார்க்க வேண்டியது வேறு முகவரியில் இருக்கிறது.

‘கடைசியில் லேபில் டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புகிறோம், பின்னால் எதற்குப் போக வேண்டும்?’ இதுதான் முதலில் வருகிற ஆட்சேபம். இதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு லாட்டில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 20 பொட்டலம் எடுத்துச் சோதித்தால் எல்லாமே நல்லதாக வருவதற்கு 82 சதவீத வாய்ப்பு. நூற்றுக்கு ஐந்து கெட்டிருந்தால்கூட மூன்றில் ஒரு தடவைக்கு மேல் சோதனை ‘பாஸ்’ என்றுதான் சொல்லும். ஸ்டெரைல் சரக்கில் உலகம் கேட்கிற அளவோ, பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமியோடு இருக்க வாய்ப்பில்லை என்ற உறுதி. எத்தனை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாலும் அதை நிரூபிக்க முடியாது. அதனால்தான் முறையையே நிரூபிக்கச் சொல்கிறார்கள்: சேம்பருக்குள் வாயுவின் அளவு, வெப்பம், ஈரப்பதம், நேரம் எல்லாம் பதிவாக வேண்டும்; எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து அவையும் செத்தன என்று காட்ட வேண்டும். இந்த நிரூபணம் முழுவதும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. உள்ளே போகிற துணியில் இருக்கும் கிருமிச் சுமை ஒரு எல்லைக்குள் இருக்கிறது என்பதே அது. அந்தச் சுமை எங்கே கூடும்? அலசுகிற தண்ணீரில், முழுக்கக் காயாமல் மடித்த துணியில், தரையில் கிடந்த ரோலில். அதாவது சலவைப் பட்டறையில். ஆடிட்டர் போகாத இடத்தில்.

அங்கே போனால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. பெரிய கருவிகூட வேண்டாம். வெளுத்த துணியைக் கொதிநீரில் போட்டெடுத்த நீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால், கஞ்சி முழுக்கப் போகவில்லை என்றால் நீலம் காட்டிவிடும். இருட்டில் புறஊதா விளக்குக்குக் கீழே பிடித்தால் நல்ல பருத்தி மங்கிய பழுப்பு-ஊதாவாகத் தெரியும். பளீரென்று நீலம் அடித்தால், துணி வெள்ளையாகத் தெரிய யாரோ பிரைட்னர் கலந்திருக்கிறார்கள், அல்லது அது கலந்த துணி ஓடிய தொட்டியிலேயே இதையும் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பஞ்சுக்கு இன்னும் அழகான ஒரு சோதனை உண்டு. செம்புக் கம்பியில் பின்னிய, மூன்று கிராம்கூட எடை தேறாத சிறு கூடை. அதில் 5 கிராம் பஞ்சை வைத்து, தண்ணீர் மட்டத்துக்கு 10 மில்லிமீட்டர் மேலிருந்து விட வேண்டும். 10 வினாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் மெழுகு போகவில்லை, வேகவைத்தது போதவில்லை. இந்த மூன்றையும் ஆடிட்டர் பட்டறையிலேயே, தன் கண்முன்னால் செய்யச் சொல்லலாம். கோப்பில் ‘இணக்கம்’ என்று எழுதிய வரியைவிட அந்தப் பத்து வினாடி அதிகம் சொல்லும்.

சலவைக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை தருவது எண்ணிக்கை. வயிற்று அறுவையில் வைக்கிற மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும்படி பேரியம் சல்ஃபேட் கலந்த இழை ஒன்று ஓடும். உள்ளே தவறிப்போனால் தேடிக் கண்டுபிடிக்க அது. ஆனால் தவறாமல் இருக்க முதல் காப்பு, தியேட்டர் நர்ஸ் எண்ணுவது: ஐந்து உள்ள கட்டு பிரித்தோம், ஐந்து திரும்பி வந்தது. கட்டில் ஆறு இருந்து, பிரிக்கும்போது எண்ணாமல் ஐந்து என்றே நம்பியிருந்தால்? ஒன்று உள்ளேயே தங்கிவிட்டாலும் கணக்கு சரியாக வரும். அறைக்குள் இருக்கிற அத்தனை பேரின் கவனத்தையும் தோற்கடிக்க, மடிக்கிற மேஜையில் ஒரு கூடுதல் துண்டு போதும். ஆகவே ஆடிட்டர் எண்ணும் மேஜைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றாலே தேவலை. எண்ணுகிறவருக்குக் கூலி துண்டுக் கணக்கிலா, நாள் கணக்கிலா? எண்ணிய கட்டைத் தராசில் போட்டு இன்னொருவர் சரிபார்க்கிறாரா? அந்தத் தராசு ஒரு துண்டின் எடை வித்தியாசத்தைக் காட்டுகிற அளவுக்கு நுட்பமானதா? பாதிக் கட்டில் சாப்பாட்டு மணி அடித்தால் அந்தக் கட்டு என்ன ஆகிறது? கடைசிக் கேள்விக்கு எந்த நடைமுறைக் கையேட்டிலும் பதில் இருக்காது. மேஜையில் இருக்கும்.

‘இவ்வளவு எதற்கு, வெறும் துணிதானே?’ என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் 1977-78இல் நடந்ததைச் சொல்லலாம். ஸ்டெரைல் செய்யாத, பசை கொண்ட இழுவைக் கட்டுகளால் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் தோலில் ரைஸோபஸ் என்ற பூஞ்சைத் தொற்று வந்தது. கட்டிலேயே அந்தப் பூஞ்சையின் வித்துகள் இருந்தன. காயத்துக்குள் போகிற பொருள்கூட இல்லை, மேலே ஒட்டுகிற கட்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு அது போதுமாக இருந்தது. ஆபத்து குறைவு என்றால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. நம் மாநிலத்திலேயே, துணி இல்லை, கண் சொட்டு மருந்து: சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் செய்து அமெரிக்காவில் விற்ற சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தி 2023இல் 18 மாநிலங்களில் 81 நோயாளிகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது, நான்கு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஆலைக்குள் போனது விபரீதம் வெளியே வந்த பிறகுதான். தொலைவில் இருப்பவர் முகவரியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

பணம் என்ற ஆட்சேபம்தான் கனமானது. மீட்டருக்குப் பைசாக் கணக்கில் லாபம் பார்க்கிற தொழில் இது. 2021-22இல் நூல் விலை எகிறியபோது பட்ட பாட்டை இந்தப் பக்கத்துத் தறிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 செப்டம்பரில் காஸ், பேண்டேஜ் மீதான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது கொஞ்சம் மூச்சு விட இடம் தந்திருக்கும், அவ்வளவுதான். சின்னக் கம்பெனி ஒவ்வொன்றும் தன் சலவைப் பட்டறைக்கும் மடிப்புக் கூடத்துக்கும் தனித்தனியாக ஆடிட்டர் அனுப்பு என்றால் கட்டுப்படியாகாது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவு தனித்தனியாக ஏன் இருக்க வேண்டும்? பல கம்பெனிகளின் துணி ஒரே பட்டறைக்குத்தானே போகிறது. அந்தப் பட்டறையை ஆண்டுக்கு ஒரு முறை ஒழுங்காக ஆடிட் செய்து, அந்த ஒரே அறிக்கையை எல்லாரும் பயன்படுத்திக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. நாடுகளே இப்படிச் செய்கின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரேசில், ஜப்பான் ஐந்தும் சேர்ந்து ஒரே ஆடிட்டை எல்லாரும் ஏற்கிற திட்டம் ஒன்றை நடத்துகின்றன. ஐந்து அரசாங்கத்தால் முடிவது ஐந்து மைலுக்குள் இருக்கிற கம்பெனிகளால் முடியாதா என்ன.

முடியாது என்பார்கள், காரணமும் சொல்வார்கள்: பட்டறைக் கணக்கைப் பார்த்தால் யார் எத்தனை மீட்டர் அனுப்புகிறார்கள் என்று போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். உறவுக்காரர்களும் போட்டிக்காரர்களும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் இது உண்மையான பயம். சிரித்துத் தள்ள முடியாது. அதற்கு வழி, லாட் எண்ணைப் பொட்டலம் கட்டும் நாளில் போடாமல் காடாத் துணி பட்டறைக்குள் நுழையும்போதே போடுவது. ஆடிட்டருக்கு எண் போதும், பெயர் வேண்டாம். எண் கடைசியில் பிறந்தால் பின்னோக்கிப் போக வழியே இல்லை. ஒரு பொட்டலத்தில் குறை என்று புகார் வந்தால் அந்த மாதம் அனுப்பியதை எல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். ஒரே பாத்திரத்தில் நாலு பேர் துணி சேர்ந்து வெந்தாலும், எந்த நாள், எந்தப் பாத்திரம், எந்த நாலு எண் என்று ஒரு நோட்டில் இருந்தால் திரும்பக் கூப்பிடுவது அந்த நாலோடு நிற்கும். செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு நெருக்கடி வெளியிலிருந்து வருகிறது. அமெரிக்கா தன் தர விதிகளை ஐ.எஸ்.ஓ. 13485ஓடு இணைத்து 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. 2026 பிப்ரவரி 2 முதல் அமல். அதுவரை கம்பெனியின் உள் ஆடிட் அறிக்கை, சப்ளையர் ஆடிட் அறிக்கை, நிர்வாக மறுஆய்வுக் குறிப்பு ஆகியவற்றை ஆய்வாளர் கேட்க முடியாது என்று ஒரு விலக்கு இருந்தது. அது எடுக்கப்பட்டுவிட்டது. இனி வாங்குகிறவர்களும் அவற்றைத் துருவிப் படிப்பார்கள். ‘திறந்து காட்ட வேண்டும் என்றால் யார் உண்மையை எழுதுவார்கள், எல்லா அறிக்கையும் சுத்தமாகத்தான் இருக்கும்’ என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் அனுபவமுள்ள ஆய்வாளருக்கு மூன்று ஆண்டாக ஒரு குறைகூட இல்லாத சப்ளையர் அறிக்கைதான் முதல் சந்தேகம். கஞ்சி முழுக்கப் போகாத ஒரு லாட்டைப் பட்டறையிலேயே பிடித்து, மறுபடி வேகவைத்து, ஏன் அப்படி ஆனது என்று எழுதியிருக்கும் அறிக்கையை அவர் நம்புவார். அந்த மாதிரி அறிக்கையை எழுத வேண்டுமென்றால் யாராவது அந்தப் பட்டறைக்குள் போயிருக்க வேண்டும். அயோடின் சீசாவையும் புறஊதா விளக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு, ஒரு நாள் ஓடிய ஒரே ஒரு லாட்டை மட்டும் பொட்டலத்திலிருந்து பாவு வரை பின்னோக்கி நடந்து பார்ப்பதற்கு ஒரு பகல் போதும். முதல் ஆடிட்டுக்கு அவ்வளவு போதும். மிச்சக் கோப்புகளை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.